இளஞ்சூட்டு மண்ணை இருபத்திரண்டு நிரைகளில் தேடிய காலை

கேமரன் மலையின் பயண நிறுவன முகப்புகளில் இப்போது வழங்கப்படும் வண்ணத் தாள்களில் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது. ‘இங்கே நிலமே கணப்பாகி, நிற்பவர் பாதத்தை இளஞ்சூட்டால் ஏந்தும்’ என்பது அவ்வரி. பாலித் தீவுக்கு ஆள் சேர்ப்போர் பலரும் அதை எடுத்தாள்கின்றனர். கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் துண்டறிக்கை தானாக எழுதப்பட்டு வரும் காலம் இது. அப்படி வந்த ஒன்றிலும் அவ்வரி ஓரெழுத்தும் பிசகாமல் இருந்ததைச் சென்ற திங்களில் கண்டேன். அதை எழுதியவன் நான். உரிமை கோருவது என் நோக்கமன்று. எழுதிய நாளில் அது உண்மையா என்பது எனக்கே தெரியாது. அது உண்மை என்று தெரிந்த காலைப்பொழுதில் என்ன நடந்தது என்பதை உடன் இருந்தவர்களைத் தவிர ஒருவரும் அறியார். அதைப் பதிந்து வைக்காவிடில் அவ்வரி தன் தகுதிக்கு மீறிய நற்பெயரோடு உலவிக்கொண்டே இருக்கும். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போதே சிரிப்பு மேலிடுகிறது. நடை ஆங்காங்கே தள்ளாடினால் பொறுத்தருள்க.

என் பணிவாழ்வின் முற்பகுதியை ஒரு பத்தியில் அடக்கிவிடலாம். தேயிலைத் தொழிற்சாலையில் எடை பதியும் எழுத்தராக, தோட்டத்து வழக்கில் கிராணியாக, பதினோராண்டு இருந்தேன். விடியலில் பெண்களின் பெயரை அழைப்பேன். மாலையில் அவர்களுடைய கொழுந்துக் கூடைகளை நிறுப்பேன். பின்னர், தொழிற்சாலையைக் காண வரும் வெளியூராருக்கு இலை வாடுவதையும் உருள்வதையும் விளக்கும் வேலை தரப்பட்டது. அங்கே என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற காசிம் ஹாஜியார் என்னைப் பிரிஞ்சாங் ஊருக்குத் தம்மிடம் வேலை செய்ய அழைத்துக்கொண்டார். தொழிற்சாலையை விட்டு வந்தேன். ‘கிராணி’ என்ற அழைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஹாஜியாருக்குப் பிரிஞ்சாங்கில் ஓர் உணவகம் இருந்தது. முன்பக்கம் ரொட்டி சானாய் எனும் பரோட்டா விசிறப்படும். பின்பக்கம், மாவு மூட்டைகளுக்கு அப்பால், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் உலகப் படம். அதுவே பயண நிறுவனம். அவர் குறைவாகப் பேசுவார். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாராமல் கைகளைப் பார்ப்பார். நண்பகல் தொழுகை முடிந்து வந்ததும் மேசையைத் தாமே துடைப்பார். துடைத்த இடத்தில், நான் எழுதிய துண்டறிக்கையின் படியை விரித்து, அது பறவாதபடி ஒரு மூலையில் தேநீர்க் குவளையை வைப்பார். சுட்டுவிரலை முதல் வரியின்கீழ் ஊன்றி உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரே கேள்விதான்.

“பாத்ததா, படிச்சதா கிராணியாரே?”

பார்த்தது என்றால் விரல் கீழே நகரும். படித்தது என்றால் செம்பென்சிலால் அவ்வரியின் தலையில் ஓர் உடுக்குறி, அதாவது சின்னஞ்சிறு விண்மீன், வரைவார். அச்சான தாளின் அடியில் அதற்கு விளக்கம் நிற்கும்: ‘இக்குறி இட்டவற்றை நாங்கள் கண்டதில்லை, கேள்விப்பட்டோம்.’ பார்த்தேன் என்று சொல்லியும் எளிதில் தப்ப முடியாது.

“‘மாலையில் கடல் பொன்னாய்ப் பொலியும்’னு போட்டிருக்கீங்க. எத்தன மணிக்குப் பாத்தீங்க?”

“ஆறரை இருக்கும், ஹாஜியார்.”

“அப்ப ஆறரைன்னு போடுங்க. நாலு மணிக்குப் போய் நின்னுட்டு நம்மளத் திட்டக் கூடாது.”

போட்டேன். ‘ஆறரை மணிக்குக் கடல் பொன்னாய்ப் பொலியும்’ என்று அச்சான அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். பிற முகப்புகளின் தாள்களில் துறக்கம் நிறைந்திருக்கும். எங்கள் தாள்களில் விண்மீன் நிறைந்திருக்கும். ரிங்லெட் ஊரிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வருவோர், வரிகளைப் படிக்கும் முன்னர் விண்மீன்களை எண்ணுவர். “இதுல ஒம்போது ஸ்டார் இருக்கு, வேணாம் லா,” என்று ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு, மூன்றே உள்ள வேறொன்றை எடுத்துச் செல்வர். விடுதிகளுக்கு விண்மீன் மிகுந்தால் பெருமை. எங்கள் முகப்பில் மிகுந்தால் ஐயம்.

பாலித் தீவை முன்மொழிந்தவன் நான். முதலில் ஹாஜியார் ஒப்பவில்லை.

“நம்ம சனம் மலையிலதான் இருக்கு. இன்னொரு மலையக் காட்டவா பிளேன்ல ஏத்திட்டுப் போறீங்க?”

அவருக்கு விரிவாகவே விடை சொன்னேன். நம் மலை குளிர்ந்து உறைந்தது; அதில் நிற்பவரின் உடற்சூட்டை அது வாங்கிக்கொள்ளும். எரிமலைத் தீவோ தன் சூட்டைத் தருவது. அங்குள்ள மணல் கருமை. ஏரி கிடப்பது ஒரு பழைய மலையின் வாய்க்குள். மண்ணுக்கடியில் இன்னும் வேலை ஓயவில்லை. நாம் எல்லோரும் ஓய்வு பெற்றுவிடுவோம். அந்த நிலம் ஓய்வு பெறாது. கடற்கரையைக் காணப் போகிறவன் கடலைப் பார்த்துவிட்டு வருகிறான். எரிமலையைக் காணப் போகிறவன், தான் நின்றுகொண்டிருக்கும் தரையை வாழ்நாளில் முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறான். இதைவிடச் சிறந்த விடுமுறை வேறென்ன இருக்க முடியும் என்று முடித்தேன். ஹாஜியார் என் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் காற்றில் மலை வரைந்துகொண்டிருந்தன. “சரி, போட்டுப் பாருங்க,” என்றார்.

என்னை இரண்டு நாள் அங்கே அனுப்பி வைத்தார். தீவின் தென்புறத்தை, கடலையும் கோயில்களையும் விடுதிகளையும் கண்டேன். மழை மிகுந்திருந்ததால் ஏரிப்பக்கம் ஏற முடியவில்லை. எனவே அப்பகுதியைப் பழைய நிலவியல் நூலொன்றைப் படித்து எழுதினேன். அந்நூலில், ஏரிக்கரையில் சில இடங்களில் தரை சூடாக இருக்கும் என்று ஒரே ஒரு தொடர் இருந்தது. அதைக் கொண்டு நான் புனைந்ததே மேலே சொன்ன வரி. ஹாஜியார் அதைப் படித்து, கேட்டு, வழக்கம்போல் உடுக்குறி இட்டார். அச்சகத்துக்குப் படியை எடுத்துச் சென்றபோதுதான் என் மனம் பிறழ்ந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் அதுவே அழகிய வரி. அதன் தலையில் அந்தக் குறி, பாற்பாயசத்தில் விழுந்த ஈயைப் போலக் கிடந்தது. அச்சுக் கோப்பவரிடம், “இதற்கு மட்டும் வேண்டா,” என்றேன். வேறு காரணம் ஏதுமில்லை. ஒரு சொல்லோசைக்காக ஒரு பொய் சொன்னேன்.

அந்தத் தாளோடு முகப்புக்கு வந்தவர் அஞ்சலையம்மாள். முப்பத்தாறு ஆண்டு கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். நான் எடை பதிந்த காலத்தில் முதலில் வந்து சேர்வது அவருடைய கூடைதான்.

“கிராணி ஐயா, இந்த வரிக்கு ஸ்டார் இல்ல.”

“இல்லை, அம்மா.”

“அப்ப மண்ணு சூடா இருக்கு.”

“வரியில் உள்ளபடிதான்,” என்றேன். அந்த இரண்டு சொற்களை நினைத்தால் இன்றும் காது சிவக்கிறது.

“எனக்குக் கடலு வேணாம், கடகண்ணி வேணாம். இது விடியக்காலம் ஈரத்துல எறங்குன காலு, ஐயா. வேலைய விட்டு நாலு வருஷம் ஆச்சு, இன்னும் சூடு ஏறல. ரெண்டு சோடி சாக்ஸ் மாட்டிக்கிட்டுத்தான் படுக்குறேன். வெந்நி ஊத்துனா ஊத்துற வரைக்குந்தான். மண்ணுதானே குளுர ஏத்துச்சு. மண்ணே எறக்கட்டும். ஒரு தடவ நின்னுட்டு வந்துடுறேன்.”

அவர் வருகிறார் என்று கேட்டதும் தோட்டத்துப் பெண்கள் மேலும் இருபத்தொருவர் பெயர் கொடுத்தனர். பலருக்கு வெளிநாடு செல்ல அதுவே முதற் கடப்பிதழ். படம் எடுக்கையில் சிரிக்கக் கூடாது என்று அலுவலர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல், ஒருவருக்கு நான்கு முறை படம் எடுக்க நேர்ந்தது.

புறப்படும் காலையில் பேருந்து பிரிஞ்சாங்கில் நின்றது. ஹாஜியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கொடுத்தபடி வந்தார். அஞ்சலையம்மாள் சன்னல் வழியே தாளை நீட்டினார்.

“ஹாஜியாரே, இதுக்கு நீங்க ஸ்டார் போடல பாருங்க. அதான் நா கெளம்பிட்டேன்.”

ஹாஜியார் தாளை வாங்கிப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “நல்லபடியாப் போய்ட்டு வாங்க ஆத்தா,” என்றார். பின்னர் என்னைப் பேருந்தின் பின்புறம் அழைத்துச் சென்று, என் கைகளைப் பார்த்தபடி பேசினார். குரல் சிறிதும் உயரவில்லை.

“நா போட்டேன்ல?”

“போட்டீர்கள். நான்தான் எடுத்துவிட்டேன்.”

“அந்த ஆத்தாகிட்ட நீங்கதான் சொல்லணும். நா சொல்ல மாட்டேன். சொல்லிட்டு, மண்ணு சூடா இருக்கான்னு பாத்துட்டு வாங்க. இல்லேன்னா மிச்சத் தாளுக்கெல்லாம் உக்காந்து கையால ஸ்டார் போட்டுக்கலாம். அந்த ஆத்தா காலுக்கு எங்க ஸ்டார் போடுவீங்க?”

நான் பேருந்தில் ஏறினேன். மலையடித் தாப்பா வரை ஒரு வளைவும் என் கண்ணில் படவில்லை.

ஆயினும் மகிழ்ச்சி என்பது தொற்றும் இயல்புடையது. வானூர்தி மேலெழுந்தபோது இருபத்திரண்டு பேரும் கோயில் தேர் நிலை பெயர்வதைக் கண்டாற்போல் ஒரே குரலில் குலவையிட்டனர். பணிப்பெண் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல லா, மேல வந்துட்டோம்ல,” என்று விளக்கம் தரப்பட்டது. முதல் இரண்டு நாளும் கருமணற் கரையில் கழிந்தன. அந்த மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, இது தேயிலைத் தூளில் எந்தத் தரம் என்று தங்களுக்குள் வழக்காடினர். கடைசியில் ‘டஸ்ட்’ என்று முடிவாயிற்று. அஞ்சலையம்மாள் மணலில் காலை வைத்துப் பார்த்தார். நண்பகல் வெயிலில் அது கொதித்தது.

“இது வெயிலு சூடு, ஐயா. மேலருந்து வருது. சாயங்காலம் பூடும். நீங்க எழுதுனது கீழருந்து வர்றது.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளை ஏரிக்குப் போகிறோம், அம்மா, என்று மட்டும் சொன்னேன்.

பேருந்தில் ஏரியை நோக்கி ஏறும்போது, உயிருள்ள நிலம் என்னும் பொருள் பற்றி ஒலிபெருக்கியில் உரையாற்றினேன். எங்கள் மலையின் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் ராணி பின்னிருக்கையிலிருந்து கையை உயர்த்தினார். கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு மிகுந்தவர் அவர்.

“கிராணி ஐயா, அணயத் தொறந்துவிட்ட ராத்திரி எங்க வீட்டுக்குள்ள சேறு இடுப்பளவு வந்துச்சு. மண்ணுக்கு உசுரு இருக்குன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். அதுக்கு யாரும் நோட்டீசு அடிக்கல.”

பேருந்து முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒலிபெருக்கியை வைத்துவிட்டேன்.

ஏரிக்கரையை அடைந்தபோது மாலையாகிவிட்டது. மலையைப் பனிமூட்டம் மூடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மறுநாட் காலை ஏழு மணிக்கு விடுதிக்கு வெளியே வந்து நின்றபோது, மூட்டம் சற்றே விலகி ஏரிக்கரை தெரிந்தது. முட்டைக்கோசு. வெங்காயம். தக்காளிப் பந்தல். நெகிழித் தாள் போர்த்திய பாத்திகள். லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும் ஆட்கள். எலும்பைத் தொடும் குளிர்.

“இது பெர்த்தாம் லா,” என்றார் ராணி. “ராவோட ராவா நம்மளத் திருப்பிக் கொண்டாந்து எறக்கிட்டாரு. அந்த மூணாவது பாத்தியில நேத்து நாந்தான் களை எடுத்தேன்.”

இதைக் கேட்டு எழுந்த சிரிப்பில் இருவர் தரையில் உட்கார்ந்துவிட்டனர். வண்டியோட்டியும் வழிகாட்டியுமாகிய கெத்துட் என்னும் அத்தீவுக்காரர், ஏதோ துன்பம் நேர்ந்துவிட்டதென்று ஓடிவந்தார். மலாயில் விளக்கினோம். எங்கள் ஊரும் இப்படியேதான் என்று கேட்டதும் அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எங்களுக்காகச் சற்று வருந்தினார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். அஞ்சலையம்மாள் செருப்பையும் இரண்டு சோடிக் காலுறையையும் கழற்றி, விடுதி முற்றத்து மண்ணில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

“சில்லுன்னு இருக்கு, ஐயா.”

“அம்மா, நான் அதைப் பார்க்கவில்லை,” என்றேன். “படித்து எழுதினேன். ஹாஜியார் குறி இட்டிருந்தார். வரி அழகாக இருக்கட்டும் என்று நான் எடுத்துவிட்டேன்.”

அவர் காலுறையை உதறினார். மண் ஒட்டியிருந்தது.

“நா உங்க வரியப் பாத்து வரல, ஐயா. அழகா எழுதுறவுங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அதுல ஸ்டார் இல்லாததப் பாத்து வந்தேன்.”

அருகிலிருந்த வெந்நீர்க் குளத்துக்கு அழைத்துச் செல்லட்டுமா என்று மெல்லக் கேட்டேன். தண்ணீர்ச் சூட்டுக்கு வீட்டில் அடுப்பு இருக்கிறது என்றார். பிறகு ஏரிக்கரையை இக்கோடி முதல் அக்கோடி வரை பார்த்தார். கொழுந்து கிள்ள ஒரு மலைச்சரிவில் இறங்கும் முன்னர் அவர் பார்க்கும் பார்வை அது, எனக்குப் பழக்கமானது.

“பஸ்ஸு எத்தன மணிக்கு?”

“பத்துக்கு.”

“மூணு மணி நேரம் இருக்கு. பெரட்டுக் கூப்புடுங்க.”

தேயிலைத் தோட்டத்தை அறியாதவர்க்காகச் சொல்கிறேன். பெரட்டு என்பது விடியற்காலைப் பெயரழைப்பு. அப்போதே இன்னார்க்கு இன்ன நிரை என்று செடிவரிசை பிரித்துக் கொடுக்கப்படும். ஒருவர் தம் நிரையை விட்டு அடுத்தவர் நிரைக்குள் கால் வைக்க மாட்டார். தம் நிரையில் ஒரு செடியையும் விட மாட்டார். அப்படித்தான் முழு மலையும் ஒரு கொழுந்தும் விடுபடாமல் கிள்ளப்படுகிறது. அம்மையார் கேட்டது இதைத்தான். சூடான மண் எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாவிடில், நிலம் முழுவதையும் நிரை பிரித்து, வெறுங்காலால் நடந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

முப்பது ஆண்டுக்குப் பிறகு பெயர் அழைத்தேன். “உள்ளேன் ஐயா” என்று இருபத்திரண்டு குரல். கெத்துட் எல்லை வகுத்துத் தந்தார்: புகை தெரியும் பக்கம் போகலாகாது, கரும்பாறைச் சரிவுக்கு இப்பால்தான். பாத்தியை மிதிக்காமல் வரப்பிலும் ஓரத்திலும் நடக்கச் சொன்னேன். “அத எங்களுக்குச் சொல்றீங்களா?” என்றார் ஒருவர். முதல் நிரை தமக்குத்தான் என்று அஞ்சலையம்மாள் எடுத்துக்கொண்டார். கற்சுவர் ஓரமாய்ச் செல்லும் கடைசி நிரை எவரும் விரும்பாதது, நாய்கள் படுத்திருந்தன. அது ராணிக்கு விழுந்தது. அவர் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை. இந்த மண்ணை நம்பிக் கால் வைக்க முடியாது என்றார்.

புறப்பட்டார்கள். அக்காட்சியை முறையாக விவரிக்கும் ஆற்றல் எனக்கில்லை. பனிமூட்டத்தில் இருபத்திரண்டு பெண்கள், புடைவையும் கைலியும் முழங்கால் வரை தூக்கிச் செருகி, ஓரணியாய், ஒவ்வோர் அடியையும் வைத்து, நிறுத்தி, உணர்ந்து, எடுத்து நடக்கிறார்கள். லோரியில் மூட்டை ஏற்றியவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஏதோ வழிபாடு என்று எண்ணியிருக்க வேண்டும்.

“ஆறாம் நெர என்னா?”

“சில்லு.”

“ஒம்போதாம் நெர?”

“கல்லு குத்துது, ஆனா சில்லு.”

பதின்மூன்றாம் நிரையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். “ஐயா, இங்க சூடு. நல்லாவே சூடு.” ஓடினேன். எல்லோரும் ஓடி வந்தனர். அஞ்சலையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, காலை வைத்து, ஒரு கணம் நின்று, மூக்கைச் சுளித்தார்.

“இது கோழி எருவு. குமிச்சு வச்சு மேல மண்ணப் போட்டு மூடியிருக்கான். இந்தச் சூடு பெர்த்தாம்லயே இருக்கே, இதுக்கா நா பிளேன் ஏறுனேன்?”

அவரும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுவே முதன்முறை. பதின்மூன்றாம் நிரைக்காரி காலைக் கழுவ ஏரிக்கு அனுப்பப்பட்டார். மற்றவர்கள் தத்தம் நிரைக்குத் திரும்பி, விட்ட அடியிலிருந்து மீண்டும் நடந்தனர். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. எல்லாம் சில்லு. மணி ஒன்பதை நெருங்கியது. முதல் நிரை முடிவுக்கு வந்து கரும்பாறையில் கை ஊன்றி நின்ற அம்மையாரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி நிரையிலிருந்து குரலே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ராணி கற்சுவருக்கருகில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். நாய்கள் எழுந்து வழிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று அவரை நோக்கிக்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் பனித்துளி பூத்திருக்க, அவர் நின்ற இடத்தில் மட்டும் புல் காய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒரு கால் தரையில். மறுகாலை மெல்ல இறக்கினார்.

“அக்கா,” என்றார். கத்தவில்லை. “வந்து பாருங்க.”

நான் முதலில் சென்றேன். வாடிய இலையின் பதம் பார்க்கும் முறைப்படி, புறங்கையை மண்மேல் வைத்துப் பத்து எண்ணினேன். பத்தடி தள்ளி வைத்து மறுபடி பத்து எண்ணினேன். பின்னர் மீண்டும் முதல் இடத்தில். ஐயமில்லை. சுவரோரம் ஒரு பாய் அகலத்துக்கு, அடுப்பு அணைந்து அரைமணி ஆன மேடையைப் போல, மண் வெதுவெதுத்தது. எருவில்லை. வெயிலும் இல்லை. கீழேயிருந்து வந்தது.

அம்மையார் வந்தார். ஏறி நின்றார். கண்ணை மூடினார். உட்கார்ந்தார். பின் மல்லாந்து படுத்துக்கொண்டார். நெடுநேரம் கழித்துக் கண் திறவாமலே பேசினார்.

“கிராணி ஐயா, நீங்க எழுதுனது தப்பு.”

குறி இடச் சட்டைப்பையில் எழுதுகோலைத் தேடினேன்.

“பாதத்தன்னு போட்டிருக்கீங்க. முதுகையுந்தான் ஏந்துது.”

அதன்பின் ஒழுங்கு என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. இருபத்திரண்டு பேரும் அந்தப் பாயளவு நிலத்துக்குச் சண்டையிட்டனர். முதலில் முறை வைத்து நின்றனர்; பின்னர் முறை கெட்டது; தலை ஒருவர் மடியில், கால் ஒருவர் தோளில் என்று அடுக்கிய கொழுந்துபோல் கிடந்தனர். நாய்களும் திரும்பி வந்து இடம் கேட்டன. நிலத்துக்குரிய முதியவர் மண்வெட்டியோடு வந்தார். எங்கள் நோக்கத்தைக் கெத்துட் அவருக்கு எடுத்துச் சொன்னார். மண்ணில் கால் வைக்கவா வானூர்தி ஏறி வந்தார்கள் என்று மும்முறை கேட்டார். ஆம் என்றதும் மண்வெட்டியின் மேலேயே சாய்ந்து சிரித்தார். அவர் அவ்விடத்தில் வெங்காயம் உலர்த்துவது வழக்கமாம். “செலாலு பானாஸ்,” என்றார். எப்போதும் சூடுதான், அது ஒன்றுக்கும் உதவாத மூலை என்று பொருள்பட.

ராணி மட்டும் படுக்கவில்லை. அம்மையாரின் காலடியில் உட்கார்ந்து, மண்ணைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார், கடிக்காது என்று ஒருவாறு தெளிந்த நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல.

பத்து மணிக்குப் பேருந்து ஒலி எழுப்பியது. பயணத்தில் நேரந்தவறாமையை நான் மறையாகப் போற்றியவன்.

“அம்மா, எழுந்திருக்க வேண்டும்.”

“முப்பத்தாறு வருஷக் குளுரு, ஐயா. ஒரு மணி நேரத்துல எறங்குமா? பெரட்டுக் கூப்புடுங்க, படுத்துக்கிட்டே சொல்றேன்.”

அழைத்தேன். “உள்ளேன் ஐயா” என்று மண்ணிலிருந்து குரல்கள் வந்தன. என் பணிவாழ்வில் கிடந்தபடி எடுக்கப்பட்ட பெயரழைப்பு அது ஒன்றே. வானூர்தியைப் பிடிக்க நாங்கள் ஓடிய ஓட்டத்தை விவரித்தால் நிலையத்தார்க்கு மனக்குறை நேரும். பிடித்தோம் என்பது போதும்.

பிரிஞ்சாங்கில் ஹாஜியார் மேசையைத் துடைத்துவிட்டு, அந்தத் தாளை விரித்துக் காத்திருந்தார். “பாத்ததா?” என்றார். படுத்தேன் என்றேன். அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். சட்டையின் முதுகிலிருந்த கருமண்ணையும் பார்த்தார். செம்பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எனக்கு ஒரு தேநீர் சொன்னார். அஞ்சலையம்மாள் இப்போது ஒரு சோடிக் காலுறையோடு உறங்குவதாக ராணி வழியே அறிகிறேன். மறு சோடியையும் விட இன்னொரு முறை போகவேண்டும் என்கிறாராம்.

நினைவிலிருந்து எழுதியமையால் பிழைகள் இருக்கக்கூடும். நாய்கள் நான்கோ ஐந்தோ, அதுவே தெளிவில்லை. அம்மையார் எவ்வளவு நேரம் கிடந்தார் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. என் குறிப்பேட்டில் நாற்பது மணித்துளி. ராணி ஒன்றரை மணி நேரம் என்கிறார். அம்மையாரையே கேட்டேன். “நா எங்க எந்திரிச்சேன்? எல்லாருமாச் சேந்துல்ல தூக்குனாங்க,” என்றார். அவ்வாறு தூக்கியவர்களுள் நான் இல்லை. நானும் கிடந்தேன், உறங்கியும்விட்டேன். என்னை எவர் தூக்கிப் பேருந்தில் ஏற்றினார் என்பதை உடன் வந்தவர்கள் தயைகூர்ந்து எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.